இலிருந்து

ரூலண்ட் தெரு ஆவணக் காப்பகம்
ஒரு காலத்தில் சிறைச்சாலை.
வாசிப்பறைக்குள் பேனாவுக்கு அனுமதியில்லை,
பென்சில் மட்டும்.
பதினோராம் மேசையில் வெஸ்ஸல் ஹோகண்டேக்,
பார்ல் பக்கம் திராட்சைக்குப் பூச்சிமருந்து விற்பவர்,
மூன்றாவது செவ்வாயாக வந்திருக்கிறார்.

முதல் நாளே தன் பெயரைப் பிரித்துக் காட்டினார்.
ஹோக் என்றால் உயரம். டேக் என்றால் கரை.
"கடலை மறித்துக் கட்டிய குடும்பம்."
அவர் அம்மா வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே
கேடயமும் இரண்டு மீன்களும் உள்ள சட்டம் தொங்குகிறதாம்.
தபாலில் வரவழைத்தது.

"ஒரே ஓர் இடத்தில் இடிக்கிறது."
மிடல்பர்கிலிருந்து வந்த யான் ஹோகண்டேக்
1714இல் மணந்தவளின் பெயர்
மை பரவிப் பாதி தெரியவில்லை.
பழைய டச்சுக் கையெழுத்துதான் எனக்குச் சோறு போடுகிறது.
குனிந்து பார்த்தேன்.
லைஸ்பெத்.
பிறகு சின்னதாய் ஒரு ஃபன்.
பிறகு, கோணலாக, நெகபட்னம்.

"ஃபன்! அப்படியானால் பெரிய இடத்துப் பெண்."
இல்லை ஐயா.
நாங்கள் ஊருக்குப் பின்னால் ஒட்டுவதை
உங்கள் மொழி ஊருக்கு முன்னால் நிறுத்துகிறது,
அவ்வளவுதான்.
நாகப்பட்டினத்திலிருந்து, லைஸ்பெத்.
இப்படிச் சொன்னால் பெருமை எங்கே இருக்கிறது?

கிடங்கிலிருந்து ஏலப் பதிவேடு வர நாற்பது நிமிடம்.
அவர் வெளியே போய் ரஸ்க் தின்றுவிட்டு வந்தார்,
மீசையில் தூள்.
1709, மார்ச், ஒரு விதவையின் உடைமைகள்:

செப்புப் பானை, மூடி இல்லை.
மெத்தை, இரண்டு.
பசு, பெயர் பூ, வயது ஐந்து, கன்றுடன்.
பெண், கோரமண்டல் கரை, பெயர் லைஸ்பெத்,
வயது பதினாறு இருக்கலாம்,
அறுபத்தெட்டு ரிக்ஸ்டாலர்.

பசுவின் வயதில் 'இருக்கலாம்' இல்லை.

அவர் விரல் தாளைத் தொடாமல்
வரிக்கு மேலேயே நகர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது.
கண்ணாடியைக் கழற்றினார்.
"நீங்கள் தமிழ்தானே.
அவளுடைய நிஜப் பெயர் என்னவாக இருந்திருக்கும்?"

நாலைந்து பெயர்கள் நாக்கு நுனி வரை வந்தன.
விழுங்கினேன்.
யாரோ ஒருத்தர் ஏற்கெனவே
தனக்கு வாய்க்கு வந்ததை அவளுக்கு வைத்துவிட்டார்.
இரண்டாவது ஆளாக நான் வேறா?

மௌனத்தை நிரப்பத்தான் கேட்டிருப்பார்,
என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்து:
"முனியன் என்றால் என்ன பொருள்?"
பொருள் கிடக்கட்டும்.
டர்பன் துறைமுகத்தில் குமாஸ்தா கேட்டது தகப்பன் பெயரை.
வந்து இறங்கியவர் பெயர் பொன்னாண்டி.
முனியன் கப்பலே ஏறவில்லை,
ஆற்காட்டுப் பக்கம் எங்கோ
யாருடைய நிலத்திலோ உழுதுகொண்டிருந்தார்.
கடல் பார்க்காத அந்த ஆளின் பெயரை
நாங்கள் எண்பத்து மூன்று பேர்
ஓட்டுநர் உரிமத்தில் வைத்துக்கொண்டு அலைகிறோம்.

அவர் சிரித்தார். நானும்தான்.
சிரித்து முடித்த பிறகும் பதிவேடு திறந்தே கிடந்தது.

நகல் கேட்கும் படிவத்தில் ஒரு கட்டம்:
'இவர் உங்களுக்கு என்ன உறவு?'
எழுதினார். அழித்தார். எழுதினார்.
அந்த இடத்தில் தாள் பஞ்சாகிவிட்டது.
"அம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்," என்றார்,
நான் ஏதோ கேட்டதைப் போல.
"அவளுக்கு எண்பத்தொன்பது."
சற்றுப் பொறுத்து,
"அடுத்த ஞாயிறு அவளுக்குத் தொண்ணூறு."

கட்டணம் நாற்பத்திரண்டு ரேண்ட்.
சில்லறை எண்ணிக்கொண்டே
ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தார்.
அவர்களுக்கு 'க' வராது,
தொண்டைக்குள்ளிருந்து சுரண்டிக்கொண்டுதான் வரும்:
நெஃகபட்னம். நெஃகபட்னம்.
எஃகு என்று எழுதும்போது மட்டும்
நான் தொட்டுவிட்டு மறந்துபோகும் ஆய்தம்
அந்த மனிதர் தொண்டையில் குடியிருந்தது.

திருத்தவில்லை.
படிக்கட்டில் இறங்கும்போதும் சொல்லிக்கொண்டே போனார்,
ஒவ்வொரு தடவையும் தப்பாக,
வீட்டு முகவரி மறந்துபோனவர்
வண்டிக்காரரிடம் சொல்வதுபோல.